மரம் வந்து அழித்த மலைகள்

கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "இயற்கைச் சூழல்களுக்கு இன்று இருக்கும் பெரிய ஆபத்து எது? வருங்காலத்தில் அவற்றை எப்படிக் காப்பாற்றுவது? எங்கள் கல்லூரியில் ஆண்டுதோறும் மரக்கன்று நடுகிறோம், அது போதுமா?"

முதல் கேள்விக்குப் பாடப்புத்தக விடை ஒன்று இருக்கிறது. பல்லுயிர் பற்றி ஆராயும் பன்னாட்டுக் குழுவான ஐபிபிஇஎஸ் 2019-இல் வெளியிட்ட அறிக்கை ஐந்து காரணங்களைச் சொல்கிறது. நிலத்தையும் கடலையும் வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவது, அளவுக்கு மீறி வெட்டுவதும் பிடிப்பதும், பருவநிலை மாற்றம், மாசு, வெளியிலிருந்து வந்து பரவும் அயல் உயிரினங்கள். ஏறக்குறைய பத்து லட்சம் வகை உயிரினங்கள் அழிவை நோக்கிப் போகின்றன என்பதும் அந்த அறிக்கையின் கணிப்புதான். தேர்வுக்கு இது போதும்.

ஆனால் தம்பியின் கடைசிக் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்குப் பதில் சொல்ல ஓர் இடத்தைக் காட்ட வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியில், நீலகிரியிலும் பழனி மலையிலும் ஆனைமலையிலும் இருக்கும் சோலைப் புல்வெளிகள்தான் அந்த இடம். அங்கே ஆபத்தாக வந்து சேர்ந்ததே மரம்தான்.

கொடைக்கானல் போனவர்கள் பைன் மரங்களுக்கு நடுவே நின்று படம் எடுத்திருப்பார்கள். ஊட்டி போனவர்கள் கற்பூர மரத்தின் வாசனையைத்தான் மலையின் வாசனை என்று நினைத்துக்கொண்டு திரும்புவார்கள். யூகலிப்டஸை அங்கே கற்பூர மரம் என்பார்கள், வாட்டில் மரத்தைச் சீகை என்பார்கள். இந்த மூன்றும் அந்த மலைகளின் மரங்கள் இல்லை. கற்பூரமும் சீகையும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. பைனும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டதுதான். இவை நிற்கும் இடங்களில் பெரும்பகுதி முன்பு வெறும் புல்.

வெறும் புல் என்றதும் ஏதோ கைவிடப்பட்ட நிலம் போலத் தோன்றும். உண்மையில் அது மிகப் பழைய ஏற்பாடு. சுமார் 1,400 மீட்டர் உயரத்துக்கு மேலே போனால் மலை முதுகு முழுக்கப் புல் மூடியிருக்கும். இரண்டு மேடுகள் சேரும் மடிப்புகளில் மட்டும், நீரோட்டத்தை ஒட்டி, குட்டையான மரங்கள் நெருக்கியடித்து நிற்கும். கிளையெல்லாம் பாசி, பாசிக்குள் ஆர்க்கிட். அதுதான் சோலை. சோலை முடிகிற இடமும் புல் தொடங்குகிற இடமும் கத்தியால் வெட்டியது போல இருக்கும். பத்தே அடியில் இருட்டிலிருந்து வெயிலுக்கு வந்துவிடலாம்.

ஏன் சோலை மரம் வெளியே பரவவில்லை? டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்கே உறைபனி விழும். திறந்த வெளியில் முளைத்த சோலை மரக்கன்று அதில் கருகிப்போகும். புல் கருகாது, கருகினாலும் அடித்தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். காற்றும் அவ்வப்போது வரும் தீயும் இதே வேலையைச் செய்கின்றன. அந்தக் காலத்தில் பலர், இந்தப் புல்வெளி எல்லாம் மனிதர்கள் காட்டை அழித்ததால் உண்டானது என்று நம்பினார்கள். நீலகிரியின் சதுப்பு மண்ணை அடுக்கடுக்காக எடுத்து அதிலிருந்த கரிமத்தை ஆராய்ந்த சூழலியலாளர் ராமன் சுகுமார் குழுவினர் 1993-இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்திருக்கிறது. பனியும் மழையும் கூடிக் குறைந்ததற்கேற்ப புல்லும் மரமும் மாறி மாறி முன்னேறிப் பின்வாங்கி இருக்கின்றன. கோடரி பிடிக்க ஆள் வருவதற்கு முன்னால் நடந்த கதை அது.

சரி, பிறகு என்ன நடந்தது? 1820-களில் ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் குடியேறினார்கள். குளிருக்கு விறகு வேண்டும். பக்கத்துச் சோலைகளை வெட்டினார்கள். சோலை மரம் மெதுவாக வளர்வது, சீக்கிரமே பற்றாக்குறை வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கற்பூரமும் சீகையும் வந்து இறங்கின. புல்வெளி அவர்கள் கண்ணுக்கு வீணாகக் கிடக்கும் நிலமாகத்தான் தெரிந்தது. அதில் எருமை மேய்த்துக்கொண்டிருந்த தோடர்களுக்கு அது மேய்ச்சல், தெய்வம், வீடு எல்லாம். அவர்கள் கோயில் கூரை வேயும் புல்கூட மலைச் சதுப்பில் விளைவதுதான். ஆனால் நிலப் பதிவேட்டில் அதற்கு இடம் இல்லை.

பெரிய அடி விழுந்தது சுதந்திரத்துக்குப் பிறகு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சீகைப் பட்டை தோல் பதனிடத் தேவைப்பட்டது. மேட்டுப்பாளையம் அருகே சிறுமுகையில் வந்த, மரக்கூழிலிருந்து இழை செய்யும் விஸ்கோஸ் ஆலைக்கு மலையிலிருந்து கட்டை போனது. வனத்துறையே புல்வெளிகளில் வரிசை பிடித்து நட்டது. அன்றைக்கு அது வளர்ச்சி, அதைச் செய்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அணைகளும் வந்தன. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என்று நாம் இன்று சுற்றிப் பார்க்கும் ஏரிகளின் அடியில் புல்லும் சதுப்பும் கிடக்கின்றன.

1980-களின் முடிவில் நடவு ஓய்ந்தது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, ஏனென்றால் சீகைக்கு நடுகிற ஆள் தேவைப்படவில்லை. அதன் விதைக்கு ஓடு கெட்டி. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ வந்தால் ஓடு வெடித்துக் கூட்டமாக முளைக்கும். மரத்தை வெட்டி வெயில் படவிட்டாலும் முளைக்கும். காற்றிலிருக்கும் நைட்ரஜனை வேரில் பிடித்து வைத்து மண்ணின் தன்மையையே மாற்றிவிடும். பிறகு அந்த மண் புல்லுக்கு ஒத்துவராது.

கொடைக்கானல் இருக்கும் பழனி மலையைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. 1973-க்கும் 2014-க்கும் இடையே அங்கே புல்வெளி 66 சதவீதம் சுருங்கிவிட்டது. சோலை 31 சதவீதம் போனது. மரத் தோட்டங்கள் 12 மடங்கு பெருகின. ஒரு தலைமுறைக்குள் மூன்றில் இரண்டு பங்கு. அமேசான் எரிந்தபோது நாம் எல்லோரும் பதறினோம். மதுரைக்காரர்கள் கோடை விடுமுறைக்குப் போகும் மலையில் நடந்தது நம் கண்ணில் படவே இல்லை. காரணம் எளிது. மலை பச்சையாகத்தானே இருந்தது!

கொஞ்ச காலம் முன்பு கொடைக்கானல் பக்கத்து மன்னவனூருக்கு மேலே ஒரு சரிவில் சில நண்பர்களோடு சீகை நாற்று பிடுங்கப் போயிருந்தேன். சீகைக் காட்டுக்குள் நுழைந்ததும் முதலில் உறைத்தது அந்த அமைதி. தரையில் சருகு மட்டும். ஒரு பூ இல்லை, தட்டான் இல்லை. இருபது நிமிடம் நடந்து வெளியே வந்தால் புல்வெளி. காலடியில் மண் பஞ்சு போல உள்வாங்கியது. ஒரு கைப்பிடிப் புல்லை விலக்கிப் பார்த்தேன். முழங்கால் உயரத் தூருக்குள் விரல் நகம் அளவு ஊதாப் பூ, அதற்குக் கீழே பாசி, பாசியை அழுத்தினால் தண்ணீர். மழை விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. அதே புல்லுக்கு நடுவே, பெரணி இலை போல அழகாக, சாண் உயரச் சீகைக் கன்றுகள். அந்த வயதில் இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். மூன்று ஆண்டு விட்டால் அரிவாள் வேண்டும், பத்து ஆண்டு விட்டால் ஒப்பந்தக்காரரும் லாரியும் வேண்டும்.

பாசியை அழுத்தியபோது வந்த அந்தத் தண்ணீர்தான் கீழே இருக்கும் நமக்கும் மலைக்கும் உள்ள உறவு. பவானிக்கும் மோயாற்றுக்கும் நீலகிரிப் புல்வெளிகள் நீர் தருகின்றன. பழனி மலையிலிருந்து வராக நதியும் மஞ்சளாறும் மருதாநதியும் இறங்குகின்றன. புல் குறைவாகக் குடிக்கும், மண்ணைப் பிடித்துக்கொள்ளும், மழையைச் சதுப்பில் சேர்த்து வைத்துக் கோடையில் மெல்ல விடும். வேகமாக வளரும் மரம் அப்படி இல்லை. நீலகிரியில் கிளன்மார்கன் பகுதியில் அடுத்தடுத்து இருந்த இரண்டு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்லாகவே விட்டு, இன்னொன்றில் கற்பூரம் நட்டு, ஆண்டுக்கணக்கில் ஓடையை அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் கற்பூரம் நட்ட பகுதியின் நீர் வரத்து 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, அதே தூரிலிருந்து மறுபடி துளிர்க்கவிட்ட இரண்டாம் சுற்றில் குறைவு ஏறத்தாழ 25 சதவீதம். மரம் மழையைக் கொண்டுவரும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த நமக்கு இதை ஏற்றுக்கொள்வது கஷ்டம்தான். சமவெளியிலோ, சோலையிலோ, நதிக்கரையிலோ மரத்தின் வேலை வேறு. மலை முதுகில் புல்லின் இடத்தில் நட்ட மரத்தின் வேலை வேறு.

உயிரினங்களின் பக்கம் பார்த்தால், நம் மாநில விலங்கான வரையாடு புல்லையும் பாறையையும் நம்பி வாழ்வது. சீகைக் காட்டுக்குள் அதற்கு மேய்ச்சலும் இல்லை, தூரத்தில் வரும் புலியைப் பார்க்கிற வசதியும் இல்லை. நீலகிரி நெட்டைக்காலி என்று ஒரு சின்னப் பறவை, உலகத்தில் வேறெங்கும் கிடையாது, புல்லில்தான் கூடு கட்டும். குறிஞ்சியும் திறந்த வெளிச் செடிதான். 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. கொடைக்கானல் தெருக்களில் காட்டுமாடுகள் இப்போது மாடு போலவே உலாவுகின்றன. மேலே புல் போனது அதற்கு ஒரு காரணம் என்று மேல்மலைக்காரர்கள், அதாவது கொடைக்கானலுக்கு மேலே உள்ள ஊர்க்காரர்கள், சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு.

இப்போது இரண்டாம் கேள்விக்கு வருகிறேன், எப்படிக் காப்பது?

எல்லாச் சீகையையும் இயந்திரம் வைத்து ஒரே மூச்சில் வெட்டிவிடலாம் என்று பலரும் சொல்கிறார்கள். அது தவறு என்பது என் எண்ணம். வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்கே லட்சக்கணக்கில் நாற்று முளைக்கும். வெட்டுவதற்குப் பணம் ஒதுக்குகிறார்கள், மரம் விற்றால் வருமானமும் வருகிறது. அதற்குப் பிறகு பத்து ஆண்டு தொடர்ந்து வந்து நாற்றுப் பிடுங்க யாரும் பணம் ஒதுக்குவதில்லை. அப்படிக் கைவிட்ட இடங்கள் முன்பைவிட அடர்த்தியான சீகைக் காடாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வெட்டியதற்கான கணக்கு மட்டும் ஏட்டில் சரியாக இருக்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. கொடைக்கானலில் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் வேலை செய்து கவனித்தது இது. வயதான சீகை, பைன் தோட்டங்களின் நிழலில் பல இடங்களில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. உறைபனியிலிருந்து அந்த நிழல் அவற்றைக் காப்பாற்றுகிறது. அங்கே போய் மொட்டையாக வெட்டினால் சோலையும் சேர்ந்து போகும். ஆக, ஒரு மலைக்கே ஒரே மருந்து கிடையாது.

என்னைக் கேட்டால் வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில், இன்னும் நன்றாக இருக்கும் புல்வெளிகளின் ஓரங்களுக்குப் போக வேண்டும். கன்று இரண்டு விரலுக்கு அடங்கும்போதே பிடுங்க வேண்டும். செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம், ஆனால் படம் எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லாத வேலை. அதனால்தான் நடப்பதில்லை. அடுத்து, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் சீகை புகுந்த இடங்கள். அங்கே வெட்டலாம், ஆனால் வெட்டும் ஒப்பந்தத்திலேயே பின்னால் செய்ய வேண்டிய களையெடுப்பையும் சேர்க்க வேண்டும். உள்ளூர்ப் புல்லைத் தூராகப் பிரித்து நாற்றங்காலில் வளர்த்து நட வேண்டும். அதற்குத் தேவையான கை வேலை தெரிந்தவர்கள் மேல்மலை ஊர்களிலேயே இருக்கிறார்கள். பூண்டு நட்டுப் பழகிய கைகள். கடைசியாக, உள்ளே சோலை முளைத்த பழைய தோட்டங்களை அவசரப்படாமல் விட்டு, மேலே இருக்கும் சீகையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். விறகுக்குச் சீகையை நம்பியிருக்கும் வீடுகள் அங்கே நிறைய. சீகை இல்லாவிட்டால் அந்தத் தேவை சோலை மேல் போகும். அதைக் கேட்காமல் திட்டம் போடக் கூடாது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது, 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். உயர் நீதிமன்றம் அயல் மரங்களை அகற்றச் சொல்லித் தொடர்ந்து நெருக்கியது. 2022-இல் அயல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கென்றே ஒரு கொள்கையைத் தமிழ்நாடு கொண்டுவந்தது. முதுமலையில் மஞ்சள் கொன்றையை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். வரையாட்டுக்குத் தனித் திட்டம் 2023-இல் தொடங்கியது. 2024 கணக்கெடுப்பில் 1,031 ஆடுகள், 2025-இல் 1,303. இரண்டாவது முறை கூடுதல் இடங்களில் எண்ணினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இந்த உயர்வைப் பார்க்க வேண்டும் என்றாலும், ஆண்டுதோறும் எண்ணத் தொடங்கியதே பெரிய விஷயம்.

எல்லையைத் தாண்டிப் பார்த்தால் மூணாறுக்கு மேலே எரவிகுளம் இருக்கிறது. தேயிலைத் தோட்டத் துரைமார்கள் வேட்டைக்காக ஒதுக்கி வைத்திருந்த நிலம். 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. 97 சதுர கிலோமீட்டரில் பெரும்பகுதி இன்றும் புல், உலகத்திலேயே அதிக வரையாடுகள் அங்கேதான். அங்கே பெரிதாக எதையும் மீட்க வேண்டியிருக்கவில்லை. மரம் நடாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

எனக்குக் கவலை தருவது எண்ணுகிற முறை. இந்தியாவில் காட்டுப் பரப்பை அளக்கும்போது, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதத்துக்கு மேல் மரக் கவிகை, அதாவது மேலிருந்து பார்த்தால் தெரியும் இலைக் கூரை, இருந்தால் அது காடு. என்ன மரம் என்று கேட்பதில்லை. சீகைத் தோப்பு காடாகிவிடும், நீலகிரியில் முக்கூர்த்தியின் புல் காடு இல்லை என்றாகிவிடும். ஒரு மாவட்ட வன அலுவலர் உயிரைக் கொடுத்து 500 ஹெக்டேர் புல்வெளியை மீட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அறிக்கையில் அவர் மாவட்டத்தில் காடு குறைந்ததாகத்தான் வரும். நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு மரம் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கும் நாட்டில், நட இடம் தேடுகிறவர்களின் கண் முதலில் விழுவது மரம் இல்லாத இடத்தில்தான். சமவெளியிலும் இதே கதை. வெளிமான் மேயும் புல் நிலம் பல இடங்களில் அரசு ஏட்டில் தரிசு. மரம் நட்டுக் கரிமத்தைச் சேர்த்ததாகக் கணக்குக் காட்டி விற்கும் கார்பன் வணிகம் வந்த பிறகு இந்த நெருக்கடி இன்னும் கூடும் என்று நினைக்கிறேன். புல்வெளி தன் கரிமத்தைப் பெரும்பாலும் மண்ணுக்குள் வைத்திருக்கிறது, மேலே நின்று பார்த்தால் தெரியாது.

பருவநிலை மாற்றம் இதன் மேல் ஏறிக்கொண்டு வருகிறது. புல்லைக் காத்து நின்றது உறைபனி. சூடு கூடக் கூட உறைபனி குறையும், மரத்துக்கு வழி திறக்கும். சமவெளி உயிரினம் சூடு தாங்காமல் மலை ஏறலாம். ஏற்கெனவே உச்சியில் இருப்பது எங்கே போகும்? தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர். அதற்கு மேல் மலை இல்லை. நெட்டைக்காலிக்கும் வரையாட்டுக்கும் நாம் விட்டு வைத்திருப்பது ஏற்கெனவே தீவுத் தீவாக வெட்டுப்பட்ட நிலம். அதனால்தான் இருக்கும் புல்வெளிகளை ஒன்றோடொன்று சேர்ப்பது, புதியதாக எதையும் உருவாக்குவதைவிட அவசரம்.

2022-இல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் கூடி, 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காப்பது, சீரழிந்த சூழல்களில் 30 சதவீதத்தை மீட்புக்குக் கொண்டுவருவது என்று ஒப்புக்கொண்டன. நல்ல இலக்குதான். அந்த 30 சதவீதத்தில் புல்லும் சதுப்பும் தேரி எனும் செம்மணல் மேடும் உப்பு நிலமும் அவற்றின் பெயரிலேயே இடம்பெற வேண்டும் என்று நம் ஊரிலிருந்து குரல் போக வேண்டும்.

அப்புறம் தம்பி, உங்கள் மரக்கன்று. நடுங்கள். ஆனால் நடுவதற்கு முன் அந்த நிலம் நூறு ஆண்டுக்கு முன்னால் என்னவாக இருந்தது என்று ஊரில் வயதானவர்களிடம் கேளுங்கள். ஏரியின் உட்பகுதியா, ஆடு மேய்ந்த புறம்போக்கா, புதர்க்காடா? மரம் இருந்த இடம் என்றால் அந்த ஊர் மரத்தையே நடுங்கள். புல் இருந்த இடம் என்றால் கன்றுகளை வண்டியிலேயே வைத்துக்கொண்டு வேறு இடம் பாருங்கள். உங்கள் கல்லூரியில் தாவரவியல் துறை இருந்தால் வளாகத்தைச் சுற்றி இருக்கும் புல் வகைகளை எண்ணிப் பெயர் எழுதச் சொல்லுங்கள். புல்லை அடையாளம் காணத் தெரிந்தவர்கள் மிகவும் குறைந்துவிட்டார்கள். ஆண்டுக்கு இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால், மேல்மலையில் நாற்றுப் பிடுங்க ஆள் எப்போதும் வேண்டும். வனத்துறை அனுமதியோடு, உள்ளூர்க் குழுக்களோடு போகலாம். கையுறை கொண்டுவாருங்கள், மழைக்குப் பிறகு வாருங்கள். ஈர மண்ணில் வேரோடு வரும், காய்ந்த மண்ணில் தண்டு முறிந்துவிடும்.

நாங்கள் பிடுங்கிய அந்தச் சரிவுக்கு அடுத்த ஆண்டு திரும்பப் போனோம். மறுபடியும் முளைத்திருந்தது, முந்தைய ஆண்டைவிடக் குறைவாக. ஒரு காலைப்பொழுதில் முடித்துவிட்டோம். மேலே பாறை ஓரத்தில் குறிஞ்சிச் செடிகள் முழங்கால் உயரம் வந்திருந்தன. அவை 2030-இல் பூக்க வேண்டியவை.